கலைச்சொல்: போர்க்கால விமான எதிர்ப்பு டாங்கிகள் – ‘வானெதிர் டாங்கி’ சரிவருமா?

முகிலன்:

அனைவருக்கும் வணக்கம்.

இரண்டாம் உலகப்போரில் ஜெர்மனி சோதித்துப் பார்த்த விமான எதிர்ப்பு டாங்கிகள் பற்றிய கட்டுரைக்குச் சொல்தொகுப்பு தேவைப்படுகிறது. ஜெர்மானியர்கள் ‘ஃபிளாக்பான்ட்ஸர்’ என்று ஒரே சொல்லில் முடித்துக்கொண்டார்கள். நம் நாளிதழ்கள் ‘விமான எதிர்ப்பு பீரங்கி’ வரை வந்து நின்றுவிடுகின்றன. அது மண்ணில் ஊன்றியதா, லாரியில் ஏற்றியதா, கவசத்துக்குள் இருப்பதா என்று அந்தச் சொல்லை வைத்து அறிய வழியில்லை.

கையில் மூன்று சொற்கள் இருக்கின்றன: விமான எதிர்ப்பு டாங்கி, வான்காப்பு டாங்கி, வானெதிர் டாங்கி. என் ஓட்டு மூன்றாவதற்கு. காரணம் நீளம்தான். ‘விமான எதிர்ப்பு டாங்கி’ தலைப்பில் நன்றாக இருக்கும். ‘விமான எதிர்ப்பு டாங்கி எதிர்ப்பு பீரங்கி’ என்று ஒரு வரி எழுத நேரும்போது எது எதை எதிர்க்கிறது என்று வாசகர் விரல்விட்டு எண்ண வேண்டிவரும். அப்படி ஒரு வரி வராது என்று நினைக்க வேண்டாம். ஹங்கேரியின் நிம்ரோடு இரண்டு வேலைக்கும் சேர்த்தே திட்டமிடப்பட்ட வண்டி.

சொல் எதையெல்லாம் தாங்க வேண்டும் என்று தெரிய, வண்டிகளை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். 1941-ல் பான்ட்ஸர் I என்ற ஜெர்மன் டாங்கியின் அடித்தளத்தில் (மேல்கூட்டை எடுத்துவிட்டால் மிஞ்சும் சங்கிலி வண்டி) ஒற்றை 20 மி.மீ. பீரங்கியை ஏற்றி 24 வண்டிகள் செய்தார்கள். 1943 நவம்பர் முதல் 1944 பிப்ரவரி வரை செக் நாட்டு 38(t) டாங்கியின் அடித்தளத்தில் சுமார் 140. இவை இரண்டும் சுற்றிலும் தடுப்புப் பலகை வைத்த வண்டிகள், அவ்வளவுதான். 1944-ல் பான்ட்ஸர் IV அடித்தளத்தில் 37 மி.மீ. பீரங்கியுடன் மோபல்வாகன். பெயரின் பொருள் வீட்டுச் சாமான் ஏற்றும் வண்டி. நான்கு பக்கப் பலகைகளையும் நிமிர்த்தினால் கிட்டத்தட்ட 3 மீட்டர் உயரத்துக்குப் பெட்டிபோல நிற்கும், அதனால் அந்தப் பெயர். இதன் முதல் வடிவம் 1943-ல் நான்குகுழல் 20 மி.மீ. பீரங்கியோடு செய்யப்பட்டு, உற்பத்திக்குப் போகாமலே நின்றது.

மோபல்வாகனின் வம்பு பலகைகளில்தான். அவற்றைப் பாதி சாய்த்தால் உயரப் பறக்கும் குறியைச் சுற்றிச் சுடலாம். தாழப் பறந்து வருகிறவனைச் சுட வேண்டுமானால் முழுக்க இறக்கியாக வேண்டும். இறக்கினால் குழுவினர் மேடைமேல் நிற்பவர்கள்தான், கவசம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. ஆளைக் கொல்வதோ தாழப் பறக்கும் தாக்குதல் விமானம்.

அடுத்து, பீரங்கியோடு சேர்ந்து சுழலும் கவசப் பெட்டியான கூடு உள்ளவை: விர்பல்விண்ட் (ஒன்பது பக்கக் கூடு, நான்குகுழல் 20 மி.மீ.), ஆஸ்ட்விண்ட் (ஆறு பக்கக் கூடு, ஒற்றை 37 மி.மீ.), கூகல்பிளிட்ஸ் (மூடிய உருண்டைக்குள் இரட்டை 30 மி.மீ.). ஒரே அடித்தளத்தில் நான்கு வெவ்வேறு விடைகள். நம் சொல் இந்த நான்குக்கும் பொருந்த வேண்டும். அதே நேரம் லாரிமேல் பீரங்கி ஏற்றியதையெல்லாம் உள்ளே விடவும் கூடாது.

– முகிலன்

---

சிவராசா:

முகிலன், முன்னொட்டைப் பிறகு பார்ப்பம். ‘டாங்கி’ என்ற பகுதியை முதலில் தீர்க்க வேணும்.

இலங்கைச் செய்திகளில் ‘யுத்த தாங்கி’ என்றுதான் பெரும்பாலும் வரும். ‘நீர்த்தாங்கி’யும் எங்கட வழக்கில் உண்டு. வேற்றெழுத்துக் கலக்காமல் தமிழ் வினையிலிருந்தே வந்ததுபோல் இருக்கிறது என்று அதை விரும்புகிற ஆட்கள் இருக்கினம். பொதுக்கட்டுரைக்கு அது போதும். இந்தக் கட்டுரைக்கு அது சரிப்படாது. பொறியியலில் ‘தாங்கி’ என்பது பேரிங். டாங்கியின் கூடு சுழல்வதே ஒரு பெரிய குண்டுத்தாங்கியின் மேல். ‘தாங்கியின் தாங்கி தேய்ந்தது’ என்று எழுதினால் மெக்கானிக் சிரிப்பான்.

சிரிப்புக்காக மட்டும் சொல்லவில்லை. இந்தக் கதையில் அந்த வளையம் முக்கிய பாத்திரம். கூகல்பிளிட்ஸின் கூட்டைப் பான்ட்ஸர் IV-இன் சொந்த வளையத்தில் இறக்க முடியாது. இரட்டைப் பீரங்கி, மூன்று ஆட்கள், தோட்டா ஊட்டும் பட்டை எல்லாம் ஒரே உருண்டைக்குள். அதனால் டைகர் டாங்கியின் வளைய அளவை, ஏறத்தாழ 1,850 மி.மீ., எடுத்துக்கொண்டு அடித்தளத்தின் மேற்தகட்டை அதற்கேற்ப மாற்றினார்கள். வளையம் பெருத்தால் பக்கவாட்டில் எரிபொருள் மூடி, ஓட்டுநர் கதவு எல்லாம் இடம் நகர வேணும். பழுதுபார்க்க வந்த பழைய அடித்தளத்தைக் கழுவித் துடைத்து மேலே கூடு வைக்கிற வேலை அதோடு முடிந்தது. விர்பல்விண்டை அப்படித்தான் செய்தார்கள்: சைலீசியாவின் சாகன் ஊர்ப் பட்டறையில், போர்முனையிலிருந்து திரும்பிய பான்ட்ஸர் IV அடித்தளங்களில். சாகன் இன்றைக்குப் போலந்தில் இருக்கிறது. கூகல்பிளிட்ஸ் ஒரு கை விரலுக்குள் எண்ணக்கூடிய முன்மாதிரிகளோடு நின்றதற்கு இந்த வளையமும் ஒரு காரணம். மற்றக் காரணம் 1945.

ஆகவே: வண்டிக்கு டாங்கி, பேரிங்குக்குத் தாங்கி, கூடு அமரும் வளையத்துக்குச் சுழல்வளையம். ஆவடியில் செய்வதையும் சென்னைச் சனம் டாங்கி என்றுதானே சொல்கிறது. ‘தகரி’ என்ற ஆக்கத்தை நான் எதிர்க்கிறேன். அதைப் படிக்கிறவர் ஒவ்வொரு முறையும் நின்று யோசிக்கிறார்.

– சிவராசா

---

தேவகி:

சிவராசா அண்ணன் சொன்ன தாங்கி–டாங்கி பிரிப்பு சரி. சுழல்வளையமும் சரி. ‘கூடு’ பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும்.

சிலர் கோபுரம் என்று எழுதுகிறார்கள். நமக்குக் கோபுரம் என்றால் நிலைத்து நிற்பது, அசைந்தால் விபரீதம். ‘சுழல்மேடை’ என்றால் மோபல்வாகனுக்குப் பொருந்தும், விர்பல்விண்டுக்குப் பொருந்தாது. இந்த இரண்டுக்கும் நடுவேதான் இந்த வண்டிகளின் வளர்ச்சியே நடந்திருக்கிறது. அதனால் மேடை, கூடு என்று இரண்டு சொற்களையும் வைத்துக்கொண்டு, எதற்கு எது என்று கறாராக இருக்கலாம். ஆளைச் சுற்றிக் கவசமும் சேர்ந்து சுழன்றால் சுழல்கூடு. பீரங்கி மட்டும் சுழன்று சுவர் நின்றால் சுழல்மேடை.

இதைவிட அவசரம் இன்னொரு சொல். பீரங்கிக் குழலை மேலும் கீழும் அசைக்க, இரண்டு பக்கமும் தண்டுபோல் நீட்டிக்கொண்டிருக்கும் அச்சு. அண்டாவுக்கும் இருப்புச் சட்டிக்கும் இரு பக்கமும் இருப்பதைக் காது என்கிறோம். அதே இடம், அதே வேலை. காதுமுளை என்கிறேன். ‘ஏற்ற அச்சு’ என்றால் இறக்கத்துக்கு வேறு அச்சா என்று கேள்வி வரும்.

காதுமுளையின் உயரம்தான் விமான எதிர்ப்புக் கூட்டின் தலையெழுத்து. சாதாரண டாங்கிப் பீரங்கி 15, 20 பாகைக்கு மேல் நிமிர வேண்டியதில்லை. விமானத்தைத் துரத்த 80, 90 பாகை வேண்டும். குழல் வானத்தைப் பார்க்கும்போது, தோட்டா செருகும் பின்முனையான பின்கட்டு நேர் கீழே இறங்கும். காதுமுளையிலிருந்து பின்கட்டின் கடைசி வரை ஒரு மீட்டர் என்று வைத்துக்கொண்டால், நிமிர்த்தியதும் அந்த ஒரு மீட்டரும் காதுமுளைக்குக் கீழே தொங்கும். சுடும்போது பின்னுதைப்பு வேறு. தோட்டா செருகுகிறவரின் கை அதற்கும் கீழே போக வேண்டும். இத்தனைக்கும் இடம் வேண்டுமென்றால் இரண்டே வழி. காதுமுளையை உயர்த்தலாம், அப்போது வண்டி ஒட்டகம்போல நிமிர்ந்து தூரத்திலிருந்தே கண்ணில் படும். அல்லது வளையத்தை அகலமாக்கிப் பின்கட்டை அடித்தளத்துக்குள் இறக்கலாம், அப்போது அண்ணன் சொன்ன 1,850 மி.மீ. சிக்கல். விர்பல்விண்ட் முதல் வழியில் போனது. கூகல்பிளிட்ஸ் இரண்டாவது வழியில் போய், இன்னும் ஒரு படி தாண்டி, குழலோடு ஆட்களும் சேர்ந்து சாயும்படி உருண்டையையே அசைத்தது. மேலே ஏறத்தாழ 80 பாகை.

– தேவகி

---

அன்வர்:

அருமையான சொல் காதுமுளை. எடுத்துக்கொள்வோம்.

எனக்கு வேண்டியது சுடும் வேகத்துக்கான இரண்டு சொற்கள். ஏனென்றால் இணையத்தில் தமிழில் கிடைக்கும் குறிப்புகள் எல்லாம் ‘நிமிடத்துக்கு 1,800 குண்டுகள்’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. அது பொறி தடையின்றி ஓடினால் வரும் கணக்கு. நான்குகுழல் 20 மி.மீ. பீரங்கியில் உண்மையில் கிடைத்தது நிமிடத்துக்கு 700 முதல் 800 வரை. முதலாவதைப் பொறிச் சுடுவீதம் என்றும், இரண்டாவதை நிகரச் சுடுவீதம் என்றும் சொல்லலாமா? ‘நடைமுறைச் சுடுவீதம்’ பரவாயில்லை, ஆனால் நீளம்.

பாதிக்குக் கீழே ஏன் விழுகிறது என்பதைச் சொன்னால் இந்தப் பிரிப்பின் அவசியம் விளங்கும். ஒவ்வொரு குழலுக்கும் 20 தோட்டா அடங்கும் பெட்டி. 1,800-ஐ நான்கால் வகுத்தால் ஒரு குழலுக்கு நிமிடத்துக்கு 450, அதாவது நொடிக்கு ஏழரை. பெட்டி காலியாக 2.7 நொடி. அதற்குப் பிறகு அந்தக் குழல் சும்மா நிற்கும், யாராவது காலிப் பெட்டியைக் கழற்றி நிறைந்ததை அழுத்தும் வரை. தோட்டாவின் எடை மட்டுமே பெட்டிக்கு ஆறு கிலோவுக்குப் பக்கம். 800 என்ற வேகத்தில் நிமிடத்துக்கு 40 பெட்டி மாற்ற வேண்டும். இதை இரண்டு பேர், ஆடும் கூட்டுக்குள், சூடான வெற்றுக்கூடுகள் காலடியில் உருண்டுகொண்டிருக்கும்போது செய்கிறார்கள்.

சுடுகிறவரின் காலடியில் இரண்டு மிதி உண்டு. ஒவ்வொரு மிதியும் குறுக்குமூலையில் இருக்கும் இரண்டு குழல்களை இயக்கும்: மேல் இடதும் கீழ் வலதும் ஒன்று, மேல் வலதும் கீழ் இடதும் மற்றொன்று. ஒரு சோடி சுடும்போது மற்ற சோடிக்குப் பெட்டி மாற்றலாம். குறுக்குமூலைச் சோடியாக இருப்பதால் உதைப்பு ஒரு பக்கமாக இழுக்காது. ஒரே பக்கத்து இரண்டையும் சேர்த்திருந்தால் ஒவ்வொரு தொடர்சுடலிலும் கூடு ஒரு பக்கம் திரும்பிக் குறி விலகும். நான்கையும் சேர்த்து மிதிப்பது நல்ல குறி கண்முன் வந்தால் மட்டும். அப்புறம் நான்கு பெட்டியும் ஒன்றாகக் காலியாகி, விமானம் தலைக்கு மேல் இருக்கும் நேரத்தில் பீரங்கி வாய் மூடிக்கொள்ளும்.

விர்பல்விண்டில் ஏற்றியது 3,200 தோட்டா, அதாவது 160 பெட்டி. நிகரச் சுடுவீதத்தில் நான்கு நிமிடச் சுடல்.

இதே கணக்கை ஆஸ்ட்விண்டின் 37 மி.மீ. பீரங்கிக்குப் போட்டால் பொறிச் சுடுவீதம் 250, நிகரம் 150 பக்கம், எட்டு எட்டாகச் சட்டத்தில் கோத்த தோட்டா. எண்ணிக்கையில் தோற்கிறது. ஆனால் 20 மி.மீ. குண்டின் எடை 120 கிராம் அளவு, 37 மி.மீ. குண்டு 600 கிராமுக்கு மேல். சோவியத்தின் இல்-2 விமானத்தில் விமானியையும் என்ஜினையும் கவசத் தொட்டிக்குள் வைத்திருந்தார்கள். 20 மி.மீ. அதில் பட்டாலும் போதவில்லை என்பதே 37-க்குப் போனதன் முதல் காரணம். எட்டும் தூரமும் கூடுதல். கூகல்பிளிட்ஸின் 30 மி.மீ. இவை இரண்டுக்கும் நடுவே நிற்கிறது: குழலுக்கு நிமிடத்துக்கு 400 பக்கம், பட்டையில் ஊட்டுவதால் பெட்டி மாற்றும் இடைவெளி இல்லை. மூடிய உருண்டைக்குள் பெட்டி மாற்றக் கை வீச இடமும் இல்லை, அதனால் பட்டை ஊட்டு அங்கே கட்டாயம்.

– அன்வர்

---

முகிலன்:

> ‘நடைமுறைச் சுடுவீதம்’ பரவாயில்லை, ஆனால் நீளம்.

நிகரம் வேண்டாம், அன்வர் அண்ணே. கணக்குப் பதிவியலில் நிகரம் என்றால் கழித்தது போக மிச்சம். வாசகர் எதைக் கழித்தோம் என்று தேடுவார். நீளமானாலும் ‘நடைமுறைச் சுடுவீதம்’ இருக்கட்டும். பொறிச் சுடுவீதத்தில் எனக்கு மறுப்பில்லை.

இன்னொன்று: குறியைத் தாண்டி முன்னால் குறிபார்ப்பதற்கு என்ன சொல்வது? ‘முன்னணிக் கோணம்’ என்று ஓரிடத்தில் பார்த்தேன். யாரோ ‘முன்னணி’யை அகராதியிலிருந்து அப்படியே தூக்கிவைத்திருக்கிறார்கள்.

– முகிலன்

---

தேவகி:

முன்னணி என்றால் கட்சி. முன்குறி போதும். விமானம் இருக்கும் இடம் குறி, குண்டு போய்ச் சேரும்போது அது இருக்கப்போகும் இடம் முன்குறி. ‘முன்குறிக் கோணம்’ என்று நீட்டிக்கொள்ளலாம்.

எண்ணைப் போட்டுப் பாருங்கள். நொடிக்கு 150 மீட்டரில் குறுக்கே பறக்கும் அமெரிக்கப் போர் விமானம் பி-47, தூரம் 1,000 மீட்டர். 20 மி.மீ. குண்டு அந்தத் தூரம் போகக் குறைந்தது ஒன்றரை நொடி. அதற்குள் விமானம் 225 மீட்டர் போயிருக்கும். அந்த விமானத்தின் நீளம் 11 மீட்டர். அதன் மூக்குக்கு இருபது விமான நீளம் முன்னால் வெறும் வானத்தைப் பார்த்துச் சுட வேண்டும். இது குறிபார்ப்பவரின் பாடு. கூட்டைச் சுழற்றுகிறவரின் பாடு வேறு.

நொடிக்கு 167 மீட்டர் (மணிக்கு 600 கி.மீ.) வேகத்தில், 500 மீட்டர் தூரத்தில் குறுக்கே போனால் கூடு நொடிக்கு 19 பாகை சுழன்றால் போதும். அதுவே 200 மீட்டரில் போனால் 48 பாகை. கைச்சக்கரத்தின் ஒரு சுற்றுக்குக் கூடு 10 பாகை திரும்பும் என்று வைத்துக்கொண்டால் நொடிக்கு ஐந்து சுற்றுக்குக் கொஞ்சம் குறைவு. மனிதக் கையால் ஆகாது. பல்லை மாற்றி ஒரு சுற்றுக்கு 30 பாகை என்றால் சுற்று குறையும், சக்கரம் மூன்று மடங்கு கனக்கும். வண்டி சாய்வான நிலத்தில் நின்றால் இன்னும் மோசம். பீரங்கியின் பாரம் முன்பக்கம் இருப்பதால் கூடு தானாகப் பள்ளத்தின் பக்கம் ஓடப் பார்க்கும், மேட்டுப் பக்கம் திருப்பும்போது சக்கரத்தோடு மல்லுக்கட்ட வேண்டும். சுழல்வளையத்தின் குண்டுத்தாங்கியில் மண்ணும் வெற்றுக்கூடும் புகுந்தால் சில இடங்களில் கூடு இறுகி நிற்கும். விர்பல்விண்டும் ஆஸ்ட்விண்டும் கையால் சுழற்றியவைதான். கூகல்பிளிட்ஸில்தான் நீரழுத்த விசைக்கு மாறினார்கள்.

பக்கவாட்டுச் சுழற்சிக்குக் கிடைச்சுழற்சி, மேல்கீழ் அசைவுக்கு ஏற்றக்கோணம் என்று எழுதியிருக்கிறேன். இந்த இரண்டிலும் புதுமை ஒன்றும் இல்லை, நில அளவையில் புழங்குகிற சொற்களுக்குப் பக்கத்தில் நிற்கும்.

– தேவகி

---

சிவராசா:

கதை இப்ப டாங்கி எது, வண்டி எது என்ற இடத்துக்கு வருகிறது. முகிலன் முதல் மடலில் கேட்டது அதைத்தான்.

அமெரிக்கரின் எம்-16 நல்ல உதாரணம். நான்கு அரையங்குல இயந்திரத் துப்பாக்கிகள், மேக்சன் என்ற துப்பாக்கி ஏற்றும் அமைப்பில். தனிச் சிறு பெற்றோல் என்ஜின் மின்கலத்தை ஊட்ட, மின்விசையால் நொடிக்கு 60 பாகை வரை சுழலும். தேவகி போட்ட 48 பாகைக் கணக்கை அது தாண்டிவிடுகிறது. விமானம் விழுத்துவதில் விர்பல்விண்டை விடக் கெட்டிக்கார ஏற்பாடு என்றுகூடச் சொல்லலாம். ஆனால் அது முன்னால் ரயரும் பின்னால் சங்கிலியும் உள்ள வண்டி. மேலே திறப்பு. அதை டாங்கி என்று சொல்ல மாட்டன். அரைச்சங்கிலி வண்டி என்று வேறாக வைக்க வேணும்.

முழுச்சங்கிலி அடித்தளம் இருந்தால் மட்டும் டாங்கியா? சோவியத்தின் இசட்.எஸ்.யூ-37-ஐப் பாருங்கோ. சு-76எம் அடித்தளத்தில் 37 மி.மீ. பீரங்கி, மேலே திறந்த பெட்டி. 75 வண்டிகள், போர் முடியும் நேரத்தில் வந்தவை. மோபல்வாகனும் இந்தச் சாதிதான். இவற்றுக்குத் தன்னுந்து (தானே ஓடும்) வானெதிர் பீரங்கி போதும். சுழல்கூடு உள்ளதற்கு மட்டும் வானெதிர் டாங்கி. தேவகி வைத்த மேடை–கூடு பிரிப்பையே அளவுகோலாக எடுக்கிறேன்.

கூரை திறந்திருக்கிறதா என்பதை அளவுகோலாக வைக்கக் கூடாது. வைத்தால் விர்பல்விண்டே வெளியில் போய்விடும். அதன் கூரையைத் திறந்து விட்டதற்குக் காரணம் இருக்கு. நான்கு குழலின் வெடிப்புகை மூடிய இடத்தில் நிமிடங்களில் ஆளை மயக்கும். விமானம் எந்தப் பக்கத்தால் வருகுது என்று வெறுங்கண்ணாலும் காதாலும் தேட வேணும். பெட்டி மாற்றுகிறவரின் முழங்கைக்கு இடம் வேணும். அதற்கு அவர்கள் கொடுத்த விலை: 16 மி.மீ. சுவர் பக்கத்துத் துப்பாக்கிக் குண்டையும் சிதறலையும் தடுக்கும், மேலே வெடிக்கிற எறிகணையையோ நேரே தலைக்கு மேலால் பாய்ந்து வருகிற விமானத்தின் சுடலையோ தடுக்காது. பிரித்தானியரின் குருசேடர் வானெதிர் டாங்கியின் முதல் வடிவத்திலும் 40 மி.மீ. போஃபர்ஸ் திறந்த கூட்டில்தான் இருந்தது. பிறகு வந்த வடிவங்களில் இரட்டை 20 மி.மீ. ஒர்லிக்கன் பீரங்கி. 1944-ல் நோர்மண்டியில் கரையிறங்கின பிறகு வானத்தில் ஜெர்மன் விமானம் அரிதாகிவிட்டதால் இந்தப் பிரிவுகளைக் கலைத்துவிட்டார்கள்.

கனேடியரின் ஸ்கிங்க் மூடிய கூட்டுக்கு நல்ல சாட்சி. கனடாவில் செய்த ஷெர்மன் அடித்தளம், வார்ப்புக் கூடு, நான்கு 20 மி.மீ. போல்ஸ்டன், நீரழுத்தச் சுழற்சி. போல்ஸ்டன் என்பது இங்கிலாந்துக்கு வந்து சேர்ந்த போலந்துப் பொறியியலாளர் ஒர்லிக்கனைச் சுருக்கிச் செய்தது; சுமார் 250 பாகம் இருந்ததை 119 ஆக்கினார்கள். 1944 ஓகஸ்டில் திட்டத்தை நிறுத்தினார்கள். 1945 தொடக்கத்தில் ஒரு வண்டியை ஐரோப்பியப் போர்முனைக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார்கள். சுட விமானம் வரவில்லை. வீடுகளுக்கும் காலாட்படைக்கும் எதிராகச் சுட்டுவிட்டுத் திரும்பியது.

– சிவராசா

---

அன்வர்:

அண்ணை, ஸ்கிங்க் கதையை வைத்தே ‘வானெதிர்’ மீது ஒரு கேள்வி. தரையைச் சுட்ட வண்டியை வானெதிர் டாங்கி என்று எழுதுவது ஒரு மாதிரி இருக்கிறதே. விர்பல்விண்டும் காலாட்படைமேல் நிறையவே சுட்டிருக்கிறது. நிம்ரோடு இன்னும் சிக்கல்: ஹங்கேரியர் அதைக் கவச வேட்டைக்கும் வான்காப்புக்கும் என்று இரண்டும் சேர்த்தே குறித்தார்கள். ஸ்வீடனின் லாண்ட்ஸ்வெர்க் நிறுவனத்தின் எல்-62 வடிவத்தை வாங்கி, 40 மி.மீ. போஃபர்ஸ் வைத்து 135 வண்டிகள் செய்தார்கள். சோவியத்தின் டி-34 டாங்கி முன்னால் அந்த 40 மி.மீ. எடுபடவில்லை, கடைசியில் வான்காப்பு வேலைதான் மிஞ்சியது.

‘வான்காப்பு டாங்கி’ என்று வைத்தால் அந்த இடறல் இல்லை. எதைச் சுடுகிறது என்று சொல்லாமல் யாரைக் காக்கிறது என்று சொல்கிறது.

– அன்வர்

---

தேவகி:

> யாரைக் காக்கிறது என்று சொல்கிறது

சொல்லவில்லையே. வான்காப்பு என்றால் ராடார், பெரிய பீரங்கி, இடைமறிப்பு விமானம் எல்லாம் சேர்ந்த முழு ஏற்பாடு. பெர்லினைச் சுற்றிய 88 மி.மீ. பீரங்கிகள் வான்காப்பு. ஒரு டாங்கிப் படைப்பிரிவோடு கூடவே உருண்டு, தாழப் பறந்து வரும் விமானத்தை இரண்டு கி.மீ.-க்குள் விரட்டும் வண்டி அதில் ஒரு மிகச் சிறிய துண்டு.

இந்த வேறுபாட்டை உணராமல் ஜெர்மானியர்களே பணத்தை விரயம் செய்திருக்கிறார்கள். க்ருப் நிறுவனம் 88 மி.மீ. பீரங்கியை ஒரு தனிச் சங்கிலி அடித்தளத்தில் ஏற்றி மூன்று சோதனை வண்டிகள் செய்தது. பக்கப் பலகைகளை மடக்கி இறக்கினால் மேடை. உயரத்தில் நேராகப் பறக்கும் குண்டுவீச்சு விமானத்துக்கு ஏற்ற பீரங்கி அது. படையணியைத் தாக்குகிறவனோ மரக்கிளை உயரத்தில் சில நொடி தெரிந்து மறைகிறவன். நிமிடத்துக்குப் பதினைந்து, இருபது குண்டு சுடும் பீரங்கியை அவனுக்கு எதிரே திருப்பி முடிப்பதற்குள் அவன் போய்விடுவான். உற்பத்திக்கு அது போகவில்லை.

வேலை எதற்காக வடிவமைத்தார்களோ அதை வைத்துத்தான் பெயர். ஸ்கிங்கின் காதுமுளையை அவ்வளவு உயர்த்தியது வீட்டு ஜன்னலைச் சுட அல்ல. வானெதிர் என்றே இருக்கட்டும். நிம்ரோடு பதிவில் மட்டும் ‘கவச எதிர்ப்புக்கும் சேர்த்துத் திட்டமிடப்பட்டது’ என்று ஒரு வரி போடுங்கள்.

– தேவகி

---

முகிலன்:

நன்றி. வானெதிர் டாங்கி, தன்னுந்து வானெதிர் பீரங்கி, அரைச்சங்கிலி வண்டி, சுழல்கூடு, சுழல்மேடை, சுழல்வளையம், காதுமுளை, முன்குறி, பொறிச் சுடுவீதம், நடைமுறைச் சுடுவீதம், கிடைச்சுழற்சி, ஏற்றக்கோணம் ஆகியவற்றை ஏற்றிவிடுகிறேன். அன்வர் அண்ணனின் மறுப்பையும் குறிப்பாகச் சேர்க்கிறேன். ஃபின்லாந்து வாங்கிய ஆறு எல்-62 வண்டிகளும் சுழல்கூடு உள்ளவை, ஆகவே டாங்கிப் பக்கம். 1944-ல் அந்த ஆறு வண்டிகளின் கணக்கில் 11 சோவியத் விமானங்கள் எழுதப்பட்டிருக்கின்றன. சோதனையோடு நிற்காமல் வேலை செய்த வண்டி என்று காட்ட நல்ல உதாரணம்.

ஒன்று மட்டும் பாக்கி. ஜெர்மனியின் பாந்தர் டாங்கி அடித்தளத்தில் கோலியன் என்று ஒன்று திட்டமிட்டார்கள், மூடிய கூட்டில் இரட்டை 37 மி.மீ. கூடு மரத்தில் செய்து வைக்கப்பட்டதோடு சரி. கூகல்பிளிட்ஸோ ஓடிச் சுடக்கூடிய வண்டி. இரண்டையும் நம் நூல்கள் ‘மாதிரி’ என்றே எழுதுகின்றன. ஓடுவதற்கு முன்மாதிரி, மரத்தில் அளவு பார்க்கச் செய்ததற்கு உருமாதிரி என்று பிரிக்கலாமா?

– முகிலன்

---

சிவராசா:

பிரிக்கத்தான் வேணும். உருமாதிரி நல்லது, ‘மரமாதிரி’ என்று போட்டால் பின்னொருக்கால் தகரத்தில் செய்ததற்கு இன்னொரு சொல் தேட வேண்டிவரும். கோலியன் பதிவில் சுடுவீதம், கவசத் தடிப்பு எல்லாம் எழுதும்போது ‘திட்டப்படி’ என்று முன்னால் போடுங்கோ. வரைபடத்தில் இருந்த எண்ணைச் சோதித்த எண் மாதிரி எழுதிவிட்டால், அடுத்தவர் அதை எடுத்து விர்பல்விண்டோடு ஒப்பிட்டு அட்டவணை போட்டுவிடுவார்.

– சிவராசா